சாட்ஸ்வொர்த் தமிழ்ப் பிள்ளைக்கு ஹிப் ஹாப் மேல் ஏன் இத்தனை பிரியம்?

2023 பிப்ரவரி 10-ம் தேதி இரவு, டர்பனின் ஃப்ளோரிடா சாலையில் ஓர் உணவகத்துக்கு வெளியே, ஏகேஏ என்ற பெயரில் பாடிவந்த ராப் கலைஞர் கியர்னன் ஃபோர்ப்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். கூட இருந்த நண்பரும் இறந்தார். தென்னாப்பிரிக்கா முழுக்க அதே பேச்சாக இருந்தது. டர்பனில் இந்தியர்கள் பெருமளவில் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் அந்தச் செய்தி ஒரு பழைய வாக்குவாதத்தையும் கிளப்பிவிட்டது. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிற வீட்டில் வளரும் பிள்ளைக்கு இந்தப் பாட்டு எங்கிருந்து ஒட்டிக்கொண்டது? இது பாட்டா, வாய்ச்சண்டையா? இதைக் கேட்டால் பிள்ளை கெட்டுப்போகுமா?

மூன்றும் தனித்தனிக் கேள்விகள். கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வதால்தான் வீட்டில் சண்டை வருகிறது. அதனால் அடியிலிருந்து வருவோம்.

ராப் வேறு, ஹிப் ஹாப் வேறு

தாளத்துக்குள் பேச்சை அடுக்குவது ராப். ஹிப் ஹாப்பில் அது ஒரு பகுதிதான். இசைத்தட்டைக் கையாளும் டிஜே, மைக் பிடிக்கும் எம்சி, பிரேக் டான்ஸ் ஆடுபவர், சுவரில் ஸ்பிரே பெயின்ட்டால் எழுதும் கிராஃபிட்டிக்காரர் என நான்கு பேரின் வேலையும் சேர்ந்தது ஹிப் ஹாப்.

அதன் பிறந்த நாளாகச் சொல்லப்படுவது 1973 ஆகஸ்ட் 11. இடம், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் செட்ஜ்விக் அவென்யூ 1520-ம் எண் அடுக்குமாடிக் கட்டடம். சின்டி கேம்ப்பெல் என்ற பெண், பள்ளி திறக்கும் முன் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க, டிக்கெட் வைத்து ஒரு பார்ட்டி நடத்தினார். இசைத்தட்டுப் போட்டவர் ஜமைக்காவில் பிறந்த அவருடைய அண்ணன் கிளைவ். டிஜே கூல் ஹெர்க் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒரே ராத்திரியில் ஒரு கலை பிறந்துவிடாது என்பது உண்மைதான். ஆனால் ஹெர்க் கண்டுகொண்ட ஒரு விஷயத்தில்தான் மற்றதெல்லாம் நிற்கிறது. பாட்டில் பாடகர் ஓய்ந்து டிரம்ஸும் பேஸும் மட்டும் ஓடும் சில வினாடிகள் உண்டு. அதற்குப் பெயர் பிரேக். ஆட வந்தவர்கள் அந்தச் சில வினாடிகளுக்காகவே காத்திருக்கிறார்கள் என்று ஹெர்க் கவனித்தார். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றதில் தொடங்கி, சில வினாடியைப் பல நிமிடமாக நீட்டினார். அந்த நீட்டலுக்கு மேல் மைக்கில் ஆட்களை உற்சாகப்படுத்திப் பேசியது மெல்ல மெல்ல ராப் ஆனது.

அந்த பிராங்ஸ் எப்படிப்பட்ட இடம்? கிராஸ் பிராங்ஸ் விரைவுச்சாலைக்காக ஆயிரக்கணக்கானோரின் வீடுகள் இடிபட்ட ஊர். வேலை போய், கட்டடங்கள் எரிந்து கிடந்த ஊர். சாட்ஸ்வொர்த்காரர்களுக்கு இந்தக் கதை ஓரளவு தெரிந்த கதைதான். 1950-ன் குழுப் பகுதிகள் சட்டம் வந்த பிறகு, கேட்டோ மேனரிலிருந்தும், நகராட்சித் தொழிலாளர்கள் தலைமுறைகளாக இருந்த மேகசின் பாரக்ஸிலிருந்தும் இந்தியர்களைப் பெயர்த்து, 1960-களில் யூனிட் என்று எண் போட்ட பகுதிகளில் குடிவைத்தார்கள். தெருவுக்குப் பெயர்கூட இல்லை, எண்தான். அங்கே சாலைக்காக, இங்கே தோல் நிறத்துக்காக; இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஆனாலும் தான் தேர்ந்தெடுக்காத இடத்தில் வளரும் பிள்ளைக்குத் தன் தெரு எண்ணைப் பெருமையாகச் சொல்லும் பாட்டு ஏன் பிடிக்கும் என்பதற்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

காது எதைப் பிடித்துக்கொள்கிறது?

"ராகம் இல்லை, எப்படிப் பாட்டாகும்" என்பது பெரியவர்களின் நியாயமான கேள்வி. மெட்டைத் தேடினால் ஏமாற்றம்தான். தாளக் கணக்கோடு கேட்க வேண்டும்.

1. பார். நான்கு தாள அடி சேர்ந்தது ஒரு பார். ராப் எழுதுகிறவர்கள் வழக்கமாகப் பதினாறு பார் எழுதுகிறார்கள். நிமிடத்துக்கு 90 அடி என்ற வேகத்தில் அது சுமார் 43 வினாடி. சொல்ல வந்த முழுக் கதையும் அதற்குள் அடங்க வேண்டும்.

2. அடி. நான்கில் இரண்டாவதிலும் நான்காவதிலும் ஸ்னேர் டிரம் பளிச்சென்று விழும். தலை தானாக ஆடுவது அங்கேதான்.

3. ஃப்ளோ. ஓர் அடியை நான்காகப் பிரித்தால் தகதிமி, மூன்றாகப் பிரித்தால் தகிட. தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் கேட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தகதிமியில் ஓடிக்கொண்டிருக்கும் ராப்பர் திடீரென்று தகிடவுக்கு மாறுவார், அல்லது அடிக்குக் கொஞ்சம் பிந்தி வேண்டுமென்றே சோம்பலாகப் பேசுவார். ரசிகர்கள் "ஃப்ளோ" என்று சிலாகிப்பது இதைத்தான்.

4. இயைபு. நம் யாப்பில் எதுகையும் மோனையும் வரியின் முன்பக்கம் நிற்கும். ராப்பில் ஒலி ஒன்றுவது வரியின் கடைசியில், அதாவது இயைபு. 1980-களின் பிற்பகுதியில் ராக்கிம் போன்ற ராப்பர்கள் அதை வரியின் நடுவுக்கும் கொண்டுவந்து, இரண்டு மூன்று அசைகளைச் சேர்த்துப் பொருத்தினார்கள். அதற்கு முன் வந்த ராப் கொஞ்சம் பள்ளிக்கூடப் பாட்டு மாதிரிதான் இருக்கும், சொன்னால் பழைய ரசிகர்கள் கோபிப்பார்கள்.

5. சாம்பிள். பழைய பாட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிடுவது.

சாம்பிளை மட்டும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் "திருட்டு" என்ற புகார் இதன் மேல்தான். 1987-ல் வந்த எஸ்பி-1200 என்ற இயந்திரத்தின் நினைவகம் மொத்தம் பத்து வினாடிதான் பிடிக்கும். நிமிடத்துக்கு 33 சுற்றில் ஓட வேண்டிய தட்டை 45 சுற்றில் வேகமாக ஓடவிட்டுப் பதிவு செய்வார்கள், இடம் மிச்சமாகும். பிறகு இயந்திரத்துக்குள் வேகத்தைக் குறைத்துப் பழைய சுருதிக்குக் கொண்டுவருவார்கள். அப்படிச் செய்யும்போது ஒலி கொஞ்சம் உடைந்து, மணல் கலந்த மாதிரி வரும். அந்தக் கரகரப்புதான் அந்தக் காலத்து ஹிப் ஹாப்பின் அடையாளம். இன்று எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பதிவு செய்யும் கணினியில், அதே கரகரப்பைக் காசு கொடுத்து வாங்கிச் சேர்க்கிறார்கள்.

திருட்டா? 1991-ல் ஒரு அமெரிக்க நீதிமன்றம், அனுமதி வாங்காத சாம்பிள் திருட்டுதான் என்று தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் பணம் கட்ட வேண்டிவந்தது. ஒரு பாட்டில் இருபது துண்டு வைப்பது பணக்காரர்களுக்கே கட்டுப்படியாகவில்லை. அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் டிரம்மர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு வாசித்த ஒரு சிறு பிரேக் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் இருக்கிறது. பாட்டை எழுதியவராக அவர் பெயர் இல்லாததால் அந்தப் பணம் அவருக்குப் போகவில்லை. புகாரில் நியாயம் உண்டு என்றால் அது இவருடைய புகாரில்தான்.

டர்பனுக்கு வந்த வழி

தென்னாப்பிரிக்காவில் டெலிவிஷன் ஒளிபரப்பே 1976-ல்தான் தொடங்கியது. நிறவெறி அரசுக்கு எதிராக ஐக்கிய நாடுகள் சபை 1968-ல் பண்பாட்டுப் புறக்கணிப்புக்கு அழைப்பு விட்டிருந்தது. 1985-ல் அமெரிக்கக் கலைஞர்கள் பலர் சேர்ந்து, சன் சிட்டி உல்லாச விடுதியில் பாட மாட்டோம் என்று ஒரு பாட்டே வெளியிட்டார்கள். அதில் ரன் டிஎம்சி, மெல்லி மெல், கர்டிஸ் பிளோ ஆகிய ராப்பர்களின் குரலும் உண்டு. ஹிப் ஹாப்பும் தென்னாப்பிரிக்காவும் பேசிக்கொள்ளத் தொடங்கியது கச்சேரி மேடையில் அல்ல, கச்சேரியை மறுத்த பாட்டில்.

கலைஞர்கள் வரவில்லையே தவிர, ஒலி வந்தது. தனி நாடென்று அறிவிக்கப்பட்டிருந்த டிரான்ஸ்கை பகுதியிலிருந்து 1979 முதல் ஒலிபரப்பான கேப்பிடல் ரேடியோ 604 அரசு வானொலியின் பிடிக்குள் இல்லாமல் வெளிநாட்டுப் பாடல்களைப் போட்டது. பிரேக் டான்ஸ் படங்கள் வீடியோ கேசட்டாக வாடகைக்குக் கிடைத்தன. இரண்டு கேசட் போடும் டெக் இருந்த வீட்டுக்குத் தெருப் பிள்ளைகள் வெற்று டேப்போடு வந்தார்கள். பிரதிக்குப் பிரதி இரைச்சல் கூடும். வார்த்தைகள் பாதிதான் புரியும். இந்தியர்களுக்கென்று 1983-ல் தொடங்கிய ரேடியோ லோட்டஸில் தாத்தா பாட்டிக்குப் பிடித்த சினிமாப் பாட்டும் பக்திப் பாட்டும் வந்தன. எந்த நிறத்துக்கு எந்த வானொலி என்று அரசு பிரித்துவைத்த நாட்டில், தனக்கு ஒதுக்கப்படாத அலைவரிசையைத் திருப்பிக் கேட்பதே ஒரு குறும்பு.

உள்ளூர் ஹிப் ஹாப் முதலில் வளர்ந்த இடம் கேப் டவுனின் கேப் ஃப்ளாட்ஸ். ரெடி டி, ஷஹீன் அரிஃப்டீன் ஆகியோரின் பிராஃபெட்ஸ் ஆஃப் டா சிட்டி குழு 1990-ல் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தது. 1994-ல் நெல்சன் மண்டேலா பதவியேற்ற விழாவிலும் அவர்கள் பாடினார்கள். 1995-ல் டிஎஸ்டிவி சேட்டிலைட் சேவை வந்ததும் வெளிநாட்டு இசைச் சேனல்கள் வசதியுள்ள வீட்டுக் கூடத்துக்கே வந்தன.

வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு? அதற்குத்தான் டாக்ஸி. டர்பனில் டாக்ஸி என்றால் பதினைந்து பேர் நெருக்கி உட்காரும் மினிபஸ். சீட்டுக்கு அடியில் சப்வூஃபர். பேஸ் விழும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும், மடியில் இருக்கும் புத்தகப் பையும் அதிரும். முன்னால் உட்கார்ந்த ஆன்ட்டி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி, டிரைவர் குறைத்து, அடுத்த ஸ்டாப்பில் மறுபடி கூட்டுவார். நல்ல சவுண்ட் இருக்கிற டாக்ஸி வரட்டும் என்று காலி டாக்ஸியை விட்டுவிடுகிற பள்ளிப் பிள்ளைகள் உண்டு. டிரைவர்களுக்கும் அது தெரியும். சாட்ஸ்வொர்த்தில் நீண்ட காலம் ஆய்வு செய்த மானுடவியலாளர் தாமஸ் பிளோம் ஹான்சன், இந்த டாக்ஸி இசையைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார். இசை என்பது காதில் மட்டும் கேட்பது என்று நினைப்பவர்கள் அந்தப் பின்சீட்டில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாம்.

ஏன் அந்த வயதில்?

பதின்ம வயதில் கேட்ட பாட்டு ஆயுசுக்கும் கூட வரும். உளவியலில் இதற்கு நினைவுமேடு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்: சுமார் பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவை மற்றக் காலத்தைவிட அதிகமாக நினைவில் நிற்கின்றன. நான் யார், யாரோடு சேர்ந்தவன் என்று பிள்ளை முடிவு செய்கிற வயது. நண்பனைத் தேர்ந்தெடுக்கிற அதே கையால் பாட்டையும் தேர்ந்தெடுக்கிறது.

2013-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று இதில் ஒரு திருப்பத்தைக் காட்டியது. இருபது வயதுக்காரர்களிடம் ஐம்பது ஆண்டுப் பாடல்களைப் போட்டுக் காட்டினார்கள். தங்கள் காலப் பாடல்களோடு, தங்கள் பெற்றோர் இளைஞர்களாக இருந்த காலத்துப் பாடல்களிலும் அவர்களுக்குத் தனி ஒட்டுதல் இருந்தது. வீட்டில் ஓடிய பாட்டு, கேட்கச் சொல்லாமலே ஊறியிருக்கிறது.

இதை டர்பனுக்குக் கொண்டுவந்து பாருங்கள். இங்கே அப்பாக்களின் காலம், கறுப்பின அமெரிக்கரிடமிருந்து வந்த சோல் இசையின் காலம். டர்பனிலேயே பிறந்த தி ஃப்ளேம்ஸ் குழு 1968-ல் ஒரு சோல் பாட்டால் நாடு முழுக்கப் பேர் வாங்கியது. அதன் உறுப்பினர்கள் இருவர் பின்னால் அமெரிக்காவின் பீச் பாய்ஸ் குழுவிலேயே சேர்ந்தார்கள். சனிக்கிழமை கறி வேகும்போது ஓடிய அந்த மாதிரித் தட்டுகளைத்தான் ஹிப் ஹாப்காரர்கள் வெட்டி ஒட்டினார்கள். மகன் புதுப் பாட்டென்று போட, "இது எங்க காலத்துப் பாட்டாச்சே" என்று அப்பா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பது அதனால்தான். தலைமுறைச் சண்டை என்று சொல்லப்படுவதில் பாதி, ஒரே பேஸ் வரிசையை இரண்டு பேர் கேட்பது.

தமிழ் வீட்டில் என்ன விசேஷம்?

கட்டுரையின் முக்கியப் பகுதி இதுதான். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அதில் பெரும்பகுதி மதராஸ் துறைமுகத்திலிருந்து ஏறிய தமிழரும் தெலுங்கரும். இன்று அவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளுக்கு வீட்டு மொழி ஆங்கிலம். 1996 அரசமைப்பு, ஊக்குவித்து மதிக்கப்பட வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. சரி, சட்டத்தில் இடம் கிடைத்தது. சாப்பாட்டு மேசையில் இடம் போய்விட்டது.

ஆனால் தமிழின் ஒலி போகவில்லை. ஆங்கில எழுத்தில் அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்துத் தேவாரம் பாடுகிறார்கள். அருணகிரிநாதரின் சந்தத்தில் வல்லினம் தடதடவென்று உருள்வதை, பொருள் தெரியாமலே பிள்ளை ரசிக்கிறது. காவடி ஊர்வலத்தில் மேளம் வேகம் பிடிக்கும்போது என்ன நடக்கும் என்று அதற்கு உடம்பிலேயே தெரியும். தெருக்கூத்து இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்ற பெயரில் இரவு முழுக்க ஆடப்பட்டது. பொருளுக்கு முன் தாளத்தையும் சொல்லின் சத்தத்தையும் கேட்கப் பழகிய காது, ராப்புக்குப் பாதி தயாரான காது.

சிக்கல் அடுத்த படியில். கேட்கலாம்; நீ பாடு என்றால்? கர்நாடக இசை என்றால் வருடக்கணக்கில் குரு வேண்டும். சினிமாப் பாட்டென்றால் மொழி வேண்டும். உச்சரிப்புத் தப்பினால் சென்னை உறவினர் சிரிப்பார். ஹார்மோனியம், தபலா எதற்கும் காசு. ராப் கேட்பது ஒன்றுதான்: நீ பேசுகிற மாதிரியே, தாளத்தில் பேசு. மொழி இழந்ததாகச் சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளையிடம், உன் பேச்சே போதும் என்று சொன்ன முதல் கலை அது.

உடனே அப்படிப் பேசிவிடுவதில்லை என்பதுதான் வேடிக்கை. ஏறக்குறைய எல்லோரும் கடக்கிற படிகள் இவை:

1. அமெரிக்க உச்சரிப்பைக் காப்பியடிப்பது. சாட்ஸ்வொர்த்தைத் தாண்டாத பையன் புரூக்ளின்காரன் போலப் பேசுவான். கேட்கச் சகிக்காது.

2. பதினாறு பாரில் எதைச் சொல்வது என்ற தடை. துப்பாக்கியும் இல்லை, தங்கச் சங்கிலியும் இல்லை. இருப்பது யூனிட் ஃப்ளாட், ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பும் பன்னி சௌ, மாரியம்மன் கோயில் கஞ்சிப் பூசை, துனி சீட்டாட்டம்.

3. அதைச் சொல்லப் போனால் அமெரிக்க நாக்கு ஒத்துழைக்காது. "வாட் கைன்ட்" என்று நலம் விசாரிக்கிற, "லானி" என்று முதலாளியைச் சொல்கிற டர்பன் இந்தியர் ஆங்கிலத்தில்தான் அது வரும். பள்ளிக்கூடத்தில் திருத்தப்பட்ட, வேலைக்கு இன்டர்வியூ போனால் மறைக்கப்படுகிற அதே பேச்சு.

இந்த மூன்றாவது படிக்குத் தென்னாப்பிரிக்காவில் முன்னோடிகள் உண்டு. வெள்ளையரின் இலக்கண ஆஃப்ரிகான்ஸுக்குக் கீழானதாக நினைக்கப்பட்ட கேப் ஃப்ளாட்ஸ் தெருப்பேச்சை பிராஃபெட்ஸும், பிறகு பிராசே வானி காப் குழுவும் மைக்குக்குக் கொண்டுவந்தார்கள். வடமேற்கு மாகாணத்தில் செட்ஸ்வானாவையும் ஆங்கிலத்தையும் கலந்து மொட்ஸ்வாகோ என்ற பாணியே உருவானது. டர்பனின் கறுப்பின இளைஞர்கள் ஜூலு கலந்து பாடினார்கள். அமெரிக்காவை நகலெடுத்த இசை என்ற குற்றச்சாட்டு முதல் படியோடு நின்றுவிட்டவர்களுக்குப் பொருந்தும். இவர்களுக்குப் பொருந்தாது.

பயம் வீணா?

வீண் என்று சொல்ல மாட்டேன். சாட்ஸ்வொர்த்தில் இரவுக் கிளப், சத்தமான பாட்டு என்றதும் பெற்றோருக்கு நினைவு வருவது 2000 மார்ச் மாதம். த்ராப் என்ற கிளப்பில் பள்ளிப் பிள்ளைகளின் டிஸ்கோ நடந்துகொண்டிருந்தபோது கண்ணீர்ப்புகை வீசப்பட்டு, நெரிசலில் 13 பிள்ளைகள் இறந்தார்கள். அந்த ஊரில் ஒரு தாய் பிள்ளையைப் பார்ட்டிக்கு அனுப்பத் தயங்கினால் அவளைப் பழமைவாதி என்பது அநியாயம். ஆனால் கொன்றது கண்ணீர்ப்புகையும் நெரிசலும். என்ன பாட்டு ஓடியது என்பது அல்ல.

போதைப்பொருளிலும் இதே குழப்பம் உண்டு. 2000-களின் நடுவில் ஷுகர்ஸ் என்ற மலிவான ஹெராயின் கலவை சாட்ஸ்வொர்த்தைப் பிடித்தது. அதற்கு முந்தைய பத்தாண்டில் இறக்குமதி வரி குறைந்து, அந்த ஊர்ப் பெண்கள் பெருவாரியாக வேலை பார்த்த துணித் தொழிற்சாலைகள் ஒன்றொன்றாக மூடப்பட்டிருந்தன. வீட்டில் சம்பளம் நின்ற பின் வந்த நோய்க்கு ஹெட்போனைக் குற்றம் சொல்வது சுலபம்.

பாட்டு வரிகளைப் பற்றிய கவலை வேறு. பெண்களைக் கேவலமாகப் பேசும் ராப் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அது வெறும் பாத்திரப் பேச்சு என்று ரசிகர்கள் சொல்லும் சமாதானம் பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் செல்லாது. அதே வகை இசையில்தான் கெண்ட்ரிக் லாமரின் ஒரு ஆல்பத்துக்கு 2018-ல் புலிட்சர் பரிசும் கிடைத்தது. தடை போட்டால் பிள்ளை ஹெட்போனில் கேட்கும், அவ்வளவுதான் வித்தியாசம். டாக்ஸியில் வருவதைத் தடுக்கவே முடியாது. என்ன சொல்கிறான் இவன் என்று கூட உட்கார்ந்து வரிக்கு வரி கேட்கிற பெற்றோருக்கு, எதை வேண்டாம் என்று சொல்வது என்றாவது தெரிந்திருக்கும்.

தமிழ் ராப் வந்த பிறகு

2006-ல் மலேசியாவின் 'யோகி பி & நட்சத்ரா' குழு தமிழ் ராப்பைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. பிறகு சென்னையிலிருந்து அறிவு என்ற ராப்பர் போன்றவர்கள் வந்தார்கள். யூடியூப் இருப்பதால் டர்பன் பிள்ளைக்கு இது கேசட் காலம் போலப் பல வருடம் கழித்து வருவதில்லை. வெளியான அன்றே வருகிறது.

இதனால் தமிழ் திரும்பிவிடும் என்று கோயில் கமிட்டிகளில் நம்புகிறவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். ராப்பில் வருவது வேகமான பேச்சுத் தமிழ், அதிலும் சென்னையின் அல்லது கோலாலம்பூரின் பேச்சு. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் 'அ'னா 'ஆ'வன்னா படிக்கிற பிள்ளைக்கு அது பிடிபடாது. வகுப்பு எழுத்துத் தமிழைக் கற்றுத்தருகிறது, காது தெருத் தமிழைக் கேட்கிறது, வீட்டில் பாட்டிக்கு மிச்சமிருப்பதோ நூறு வருடத்துக்கும் மேலாக முன்பு வட ஆற்காட்டிலிருந்து கப்பலேறிய தமிழ். மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை.

இருந்தாலும் ஒன்று நடக்கிறது. ஒரு பதினாறு பாரை மனப்பாடம் செய்ய வேண்டுமென்றால் ஒவ்வொரு அசையையும் சரியான இடத்தில் வைத்தாக வேண்டும். குறில் நெடில் தப்பினால் தாளம் உதைக்கும். 'ழ'வை விழுங்கினால் அடுத்த சொல் முந்திக்கொண்டு விழும். தமிழாசிரியர் சொல்லிச் சொல்லி அலுத்த இந்த விஷயத்துக்காக, பிள்ளை அதே நாலு வரியை ஒரு மாலை முழுக்கத் திருப்பிப் போட்டுக் கேட்கிறது.